பங்கருக்கு மேல் நின்ற கார்

தொண்ணூற்றொன்று மாரியில், யாழ்ப்பாணம் போகிற வழியில், ஓர் உழவு இயந்திரப் பெட்டிக்குள் ஒரு பெண் என் மடியில் கிடந்து செத்துப்போனாள்.

நான் அப்போது சண்டிலிப்பாய்ப் பகுதிக்கு அரசாங்க மருத்துவிச்சி. ஊரில் எல்லோரும் என்னை மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெண்ணுக்கு இருபத்துநான்கு வயது, இரண்டாவது பிள்ளை. பிள்ளை வீட்டிலேயே நல்லபடி பிறந்தது. நச்சுக்கொடி விழவில்லை. இரத்தம் நிற்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஓடக்கூடிய கார் ஒன்றுதான் இருந்தது, ஏ-போட்டி என்கிற பழைய சின்னக் கார். அதன் பின்சீற்றில் அவளைக் காலை மடக்கி இருத்தத்தான் முடிந்தது, படுக்கவைக்க முடியவில்லை. பெற்றோல் வடக்குக்கு வராத காலம். கார்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. இரண்டு மைல் போனதும் அந்தக் கார் இருமி இருமி நின்றது. பிறகு எழும்பவேயில்லை. வழியில் வந்த உழவு இயந்திரத்தை மறித்து அவளை அதன் பெட்டியில் தூக்கிக் கிடத்தினோம். வீதியில் இருந்த ஒவ்வொரு குழியும் அவளுடைய உடம்பில் விழுந்தது. என் கைமுட்டியால் அவளுடைய அடிவயிற்றை அமத்திப் பிடித்துக்கொண்டே போனேன். தட்டாதெருச் சந்திக்குக் கிட்ட வந்தபோது அமத்துவதற்கு அவசியமில்லாமல் போய்விட்டது.

ஆசுபத்திரியில் டொக்டர், "நேராப் படுக்கவைச்சு, ஒரு அரை மணித்தியாலம் முந்திக் கொண்டுவந்திருந்தா..." என்று தொடங்கினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தை விட்டுவிட்டார்.

வீட்டில் நானும் அண்ணையும் மட்டும்தான். நான் கலியாணம் கட்டவில்லை. அண்ணையின் மனைவி மூன்று வருடத்துக்கு முன் நோயில் இறந்துபோனா. பிள்ளைகள் இல்லை. அண்ணை இருபது வருடம் பஸ் ஓடினவர். பஸ்கள் நின்றபிறகு முற்றத்தில் இருந்து மற்றவர்களின் சைக்கிள்களுக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் குளித்துவிட்டு வந்து குசினி வாசலில் இருந்தபடி அவரிடம் கேட்டேன்.

"அண்ணை, ஒரு ஆள் நீட்டி நிமிந்து படுக்கக்கூடிய கார் எங்கையும் கிடக்காதோ?"

அவர் கையிலிருந்த ரியூப்பைக் கீழே வைத்தார்.

"பெரிய கார் கிடக்கும். எண்பத்திமூண்டுக்குப் பிறகு பெரிய ஆக்கள் வெளிக்கிட்டுப் போகேக்கை காரைத் தலையிலை வைச்சுக்கொண்டோ போனவை? டொக்டர்மார், லோயர்மார், தோட்டத்துரைமார் எண்டு எத்தினை பேர் வைச்சிருந்தவை. ஆனா கியர் கார் தான் வேணும்."

"எல்லாக் காரிலையும் கியர் இருக்கும்தானே?"

"இருக்கும். சிலதிலை அது தானா மாறும். பணக்காரரின்ரை கார் கனக்க அப்பிடித்தான். உனக்கு ஒண்டு விளங்க வேணும் பிள்ளை. இஞ்சை பற்றரி இல்லை. காரைத் தள்ளித்தான் ஸ்ரார்ட் பண்ணவேணும். நாலு பேர் தள்ள, ரெண்டாம் கியரிலை போட்டு, கிளச்சைப் பட்டெண்டு விட்டா எஞ்சின் எழும்பும். தானா மாறிற கியரெண்டா யாழ்ப்பாணம் மட்டும் தள்ளிக்கொண்டு போகவேண்டியதுதான்."

கார் பழையதாகவும் இருக்கவேண்டும் என்றார். புது எஞ்சின்கள் மண்ணெண்ணெயைக் குடிக்காதாம். பழையதாகவும் பெரியதாகவும் கையால் கியர் மாற்றுவதாகவும் ஒரு கார். கேட்க மூன்று சின்ன விசயம். தேட ஒரு வருடம் போனது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு சைக்கிளில் வெளிக்கிடுவோம். யாழ்ப்பாண நகரத்தில் ஒரு லோயரின் வீட்டுக் கராஜ் பூட்டை, காவலுக்கு இருந்த மனிசன் எங்களுக்காகத் திறந்தார். உள்ளே நீளமான கறுப்புக் கார் ஒன்று நின்றது. அண்ணை கதவைத் திறந்து காலை வைத்தார். கால் தரையைத் துளைத்துக்கொண்டு கீழே போனது. முன்மூடியைத் தூக்கினால் எஞ்சின் இருந்த இடத்தில் ஒரு கோழி அடைகிடந்தது. எஞ்சினை எவரோ எப்போதோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். "அது தெரியாமலே இவ்வளவு நாளும் காவல் இருந்திருக்கிறன்" என்று அந்த மனிசன் கராஜ் வாசலில் குந்திவிட்டார்.

மானிப்பாயில் ஒரு வயதுபோன ஐயா இருந்தார். ஒருகாலத்தில் மலைநாட்டில் தேயிலைத் தோட்டம் பார்த்தவர். அவருடைய வெள்ளைக் காரில் தூசி இல்லை, துரு இல்லை. பெற்றோல் நின்ற நாளிலிருந்து ஓடாத காரைத் தினமும் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நாங்கள் வந்த காரணத்தைச் சொன்னதும், "கொண்டு போங்கோ, காசு ஒண்டும் வேண்டாம்" என்றார். அண்ணை குனிந்து உள்ளே பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்து இரண்டு விரல்களைக் காட்டினார். காலுக்குக் கீழே இரண்டு மிதிதான். கிளச் இல்லை.

"ஐயா, இது சரிவராது."

"என்ரை காரிலை என்ன குறை?"

"குறை ஒண்டும் இல்லை ஐயா. இதைத் தள்ளி ஸ்ரார்ட் பண்ண ஏலாது."

"என்ரை காரை ஏன் தள்ளவேணும்?" என்று அவர் கேட்டார். உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை. நாங்கள் படலையைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். துணியை எடுத்து முன்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கியிருந்தார்.

இப்படி எத்தனையோ வீடுகள். சில இடங்களில் கியர் கார் இருந்தது, ஆனால் ஏ-போட்டியைவிடச் சின்னது. சில இடங்களில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரருக்குக் கடிதம் எழுதச் சொன்னார்கள் சிலர். கடிதம் போய்வர ஆறேழு மாதமாகும், வந்தாலும் வரும். இதற்கிடையில் பிள்ளைப்பேற்று நோ தொடங்கிய பெண்களைச் சைக்கிள் கரியரில் வைத்து உருட்டிக்கொண்டு போனோம். ஒருத்திக்கு வழியில் ஒரு மதகடியில் பிறந்தது. தாயும் பிள்ளையும் தப்பினார்கள். அது எங்கள் கெட்டித்தனம் இல்லை.

தொண்ணூற்றிரண்டில் ஒருநாள், கிளினிக்கில் நிறை பார்க்க வந்த ஒரு தாய் சொன்னாள். "எங்கடை ஒழுங்கையிலை கடைசி வீட்டிலை ஒரு பெரிய கார் கிடக்கு மிஸி. ஆனா அது பங்கருக்கு மேலை கிடக்கு."

அன்று பின்னேரமே போனோம். அந்த வீடு எண்பத்துநாலில் இங்கிலாந்துக்குப் போன ஒரு டொக்டருடையது. இப்போது அதில் காங்கேசன்துறையிலிருந்து இடம்பெயர்ந்த ஒரு குடும்பம் இருந்தது. சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்த மனிதர், மனைவி, பதினொரு வயதில் ஒரு மகள், நாலு வயதில் ஒரு மகன். வளவின் பின்பக்கத்தில், குண்டுவீச்சுக்கு ஒதுங்கப் பங்கர் வெட்டியிருந்தார்கள். மேலே போட மரம் போதாமல் கராஜில் நின்ற காரை உருட்டிக்கொண்டு வந்து குழிக்குக் குறுக்கே நிறுத்தி, சில்லுகளைக் கழற்றி, கிடைத்த இரண்டு தண்டவாளக் கட்டைகளில் இருத்தியிருந்தார்கள். முன்மூடியிலும் கூரையிலும் உரப்பைகளில் மண் நிரப்பி அடுக்கியிருந்தது. ஒரு கதவை மட்டும் திறக்கக்கூடியதாக விட்டிருந்தார்கள். அந்தக் கதவுக்குள், பின்சீற்றில் காலை நீட்டியபடி, அந்தப் பிள்ளை கணக்குச் செய்துகொண்டிருந்தாள்.

காரின் நிறம் கடும்பச்சை. உள்ளே சீற்றுகள் சிவப்புத் தோல். முன்சீற் இரண்டாகப் பிரியாமல் பள்ளிக்கூட வாங்கு மாதிரி ஒரே நீளமாக இருந்தது. கியர்த்தடி தரையில் இல்லை, ஸ்ரியரிங்குக்குப் பக்கத்தில் இருந்தது. அண்ணை மண்ணில் முழங்கால் போட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். எழும்பி மூன்று விரல்களைக் காட்டினார்.

"மூண்டு" என்றார்.

அந்த மனிதரிடம் விசயத்தைச் சொன்னோம். அவர் நாங்கள் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டு நின்றார். சத்தம்போடவில்லை.

"கார் என்ரை இல்லை அண்ணை. டொக்டரையாவை நான் கண்டதுகூட இல்லை. அதாலை ஓம் எண்டு சொல்லவும் இல்லை எண்டு சொல்லவும் எனக்கு உரிமை இல்லை. ஆனா அதுக்குக் கீழை இருக்கிறது என்ரை பிள்ளையள்."

"ரெண்டு தரம் பொம்மர் வந்து இந்தப் பக்கம் அடிச்சது" என்றா மனைவி. "ரெண்டு தரமும் நாலு பேரும் இதுக்குக் கீழை தான் இருந்தனாங்கள். முத்தத்துத் தென்னை முறிஞ்சு போச்சு. எங்களுக்கு ஒரு கீறல் இல்லை."

அப்போதுதான் நான் உழவு இயந்திரப் பெட்டியில் செத்தவளின் கதையைச் சொன்னேன். அதை எப்படிச் சொன்னேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த மனிதரைப் பார்த்துச் சொல்லவில்லை. மனைவியைப் பார்த்துச் சொன்னேன். பிள்ளை பெற்ற பெண் அதைக் கேட்டுவிட்டு இல்லை என்று சொல்லமாட்டாள் என்று எனக்குத் தெரியும். தொழிலில் பத்து வருடம் இருந்தவளுக்கு எந்த இடத்தில் நிறுத்தவேண்டும் என்பதும் தெரியும். வழியில் அவள் தண்ணீர் கேட்டதையும் நான் கொடுக்காததையும் சொல்லி நிறுத்தினேன்.

"பிள்ளை?" என்று கேட்டா.

"தப்பிட்டுது."

அவ வீட்டுக்குள் போய்விட்டா. கொஞ்ச நேரம் கழித்து வந்து, என்னிடம் இல்லை, அண்ணையிடம் சொன்னா. "பத்துப் பனங்குத்தி கொண்டுவந்து போட்டு, மேலை மண்மூட்டை அடுக்கித் தாங்கோ. பிறகு காரைக் கொண்டு போங்கோ."

பனை தறித்து எடுக்கிற பனங்குற்றி அந்த நாட்களில் லேசில் கிடைக்காது. எல்லா வீட்டிலும் பங்கர் வெட்டினார்கள். மரம் தறிக்க அனுமதி வேண்டும். மூன்று கிழமை அலைந்து ஏழு குற்றி சேர்த்தோம். மாட்டுவண்டியில் கொண்டுபோய் இறக்கி, ஒழுங்கைக்காரர் பத்துப் பேரைப் பிடித்துக் காரைக் கட்டைகளிலிருந்து இறக்கி, சில்லுப் பூட்டி உருட்டி எடுத்தோம். ஏழு குற்றிகளையும் குழிக்கு மேல் போட்டு மண்மூட்டை அடுக்கினோம். கிழக்குப் பக்கத்தில் மூன்றடி மூடாமல் கிடந்தது. அதன்மேல் தகரமும் கிடுகும் போட்டோம்.

"மிச்சம் மூண்டும் வாற கிழமை கொண்டுவாறன்" என்றார் அண்ணை.

"பரவாயில்லை அண்ணை. வாசல் பக்கம்தானே" என்றார் அந்த மனிதர்.

காரை எழுப்ப இரண்டு மாதம் எடுத்தது. எட்டு வருடம் ஓடாத எஞ்சின். அண்ணை அதைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பாயில் பரப்பினார். கிளச் தட்டு துருப்பிடித்து ஒட்டிப்போயிருந்தது. கிளச்சை மிதித்துக் கட்டிவைத்துவிட்டு, கியரில் போட்டு, ஆட்களை வைத்து முன்னும் பின்னும் உலுக்கி உலுக்கி அதை விடுவித்தார். முன்சீற்றின் இடப்பக்கத்தை வாளால் அறுத்து எடுத்துவிட்டு, முன்னுக்கிருந்து பின்சீற்வரை ஒரு பலகையைப் பொருத்தினார். அதன்மேல் மெத்தை. ஆறடி ஆள் படுக்கலாம். பக்கத்தில் தரையில் நான் குந்தியிருக்க இடம் இருந்தது.

தள்ளிய முதல்நாள், எங்கோ தேடிப்பிடித்துச் சேலைன் போத்தலில் வைத்திருந்த பெற்றோலில் சில சொட்டு எஞ்சினுக்குள் விட்டு, அண்ணை இரண்டாம் கியரில் கிளச்சை விட்டார். கார் ஒருதரம் குலுங்கி, ஒழுங்கை முழுக்க வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு எழும்பியது. தள்ளின ஆட்கள் கைதட்டினார்கள். றிவேர்ஸ் மட்டும் விழவேயில்லை. அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் திரும்பும்போது ஊர்ச்சனம் வந்து பின்பக்கமாக உருட்டிவிட வேண்டும்.

அந்தக் காரில் பெண்கள் தப்பினார்கள். அதை நான் குறைத்துச் சொல்லக்கூடாது. இரட்டைப்பிள்ளைக்காரி ஒருத்தி, பிள்ளையின் கை முதலில் வந்த ஒருத்தி, வலிப்பு வந்து நாக்கைக் கடித்த ஒருத்தி. மண்ணெண்ணெய் மணத்தில் சத்தி எடுத்துக்கொண்டு, கண் எரிய எரிய, ஆசுபத்திரி வாசலுக்கு உயிரோடு போய்ச் சேர்ந்தார்கள். ஊரில் ஆட்கள் அண்ணையைக் கண்டால் எழும்பி நின்றார்கள்.

மூன்று பனங்குற்றி மட்டும் போகவில்லை. வழியில் அந்த மனிதரைக் கண்டால் அண்ணை, "வாற கிழமை" என்பார். அவரும் தலையாட்டுவார். முதல் இரண்டு மாதம் காரைத் திருத்துகிற வேலையில் மறந்தோம். பிறகு கார் ஓட்டம். பிறகு மழை. பிறகு சொல்லவும் கூச்சமாகி, அந்த ஒழுங்கைக்குள் போவதைக் குறைத்துக்கொண்டோம்.

தொண்ணூற்றிமூன்றில் ஒரு முற்பகல். நான் கிளினிக்கில் இருந்தேன். பொம்மர் இரண்டு தரம் சுற்றியது. மூன்றாம் தரம் பதிந்து குண்டு போட்டது. மேசையில் இருந்த போத்தல்கள் உருண்டன. தாய்மாரைத் தரையில் படுக்கச் சொன்னேன். சத்தம் ஓய்ந்து எல்லோரும் எழும்பியபோது, எந்தத் திசையில் புகை எழும்புகிறது என்று வெளியே வந்து பார்த்தேன். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அந்தத் திசையில் நூறு வீடுகள் இருந்தன.

கார் கிளினிக் வாசலுக்கு வந்தது. அண்ணை நிற்பாட்டவில்லை, மெல்ல உருட்டினார். நிற்பாட்டினால் திரும்ப எழும்பாது. நான் ஓடிக்கொண்டே கதவைத் திறந்து ஏறினேன். பலகையில் அந்தப் பங்கர் வீட்டுப் பிள்ளை கிடந்தாள். பன்னிரண்டு வயதாகியிருந்தது. பின்சீற்றில் தகப்பன், மேலில் சட்டை இல்லாமல், மகளின் தலையைப் பிடித்தபடி. சட்டையை அவளுடைய காலில் சுற்றியிருந்தார். இடது கால், முழங்காலுக்குக் கீழே. குண்டுச் சிதறல் தகரத்தைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தது. மற்ற மூன்று பேருக்கும் ஒன்றும் இல்லை. குற்றிகள் தாங்கிவிட்டன. தம்பியை உள்ளே தள்ளிவிட்டுக் கடைசியாக இறங்கியவள் அவள்தான், அதனால் வாசல்பக்கம் இருந்திருக்கிறாள்.

நான் முழங்காலுக்கு மேலே, துடையில் இறுக்கிக் கட்டினேன். பிள்ளைக்கு நினைவு இருந்தது. அழவில்லை. முகம் வெளுத்துப்போய்க் காரின் கூரைத் துணியைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பிறகு கண்ணை மெல்லத் திருப்பினாள்.

"மிஸி, முன்சீற்றை வெட்டிப்போட்டீங்களோ?"

"ஓம் குஞ்சு. ஆக்கள் படுக்கிறதுக்காக."

"நல்ல சீற்" என்றாள்.

ஆசுபத்திரியில் காலை எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை என்றார்கள். தாய் பின்னேரம் யாரோ ஒருவரின் சைக்கிளில் வந்து சேர்ந்தா. வார்ட்டு வாசலில் நானும் அண்ணையும் நின்றோம். டொக்டர் வெளியே வந்து, நாங்கள் யார் என்று தெரியாமல், "நல்ல காலம், நேராப் படுக்கவைச்சுக் கெதியாக் கொண்டு வந்திருக்கிறியள். கொஞ்சம் பிந்தியிருந்தாலும் பிள்ளை இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தாய் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றா. பிறகு என்னைப் பார்த்தா.

"நாங்கள் உங்களிட்டைக் கார் கேக்கேல்லை மிஸி. பனங்குத்தி தான் கேட்டனாங்கள். பத்து."

அவ்வளவுதான் சொன்னா. தகப்பன் அவவின் கையைப் பிடித்து அப்பால் கூட்டிக்கொண்டு போனார். அவர் எங்களை ஒருநாளும் குற்றம் சொல்லவில்லை. அதுவும் எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை.

இங்கே ஒன்றை எழுதவேண்டும். இதை நான் எவருக்கும் சொன்னதில்லை. பனங்குற்றிக்காக நாங்கள் மூன்று கிழமை அலைந்த காலத்தில், எங்கள் சொந்த வளவின் பின்வேலியில் ஒரு பனை நின்றது. நல்ல வைரம் பாய்ந்த மரம். தறித்தால் மூன்று குற்றி தாராளமாக வரும். நானும் அண்ணையும் அதைத் தினமும் பார்த்தோம். அது காய்க்கிற மரம். வருடத்துக்கு ஒருதரம் அதன் பழத்தைப் பிழிந்து காயவைத்துத்தான் பினாட்டுப் போடுவேன். அதைத் தறிப்போமா என்று அண்ணை ஒருதரம் கேட்டார். "வேறை எங்கையும் கிடைக்கும், பாப்பம்" என்று சொன்னது நான்.

அடுத்தநாள் காலை அண்ணை கோடரியை எடுத்துக்கொண்டு பின்னுக்குப் போனார். அனுமதி ஒன்றும் கேட்கவில்லை. மத்தியானத்துக்குள் மரம் விழுந்தது. மூன்று குற்றிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு அந்த வீட்டுக்குத் தனியே போனார். திரும்பிவந்து கிணற்றடியில் வெகுநேரம் கை கழுவினார்.

"என்ன சொன்னவை?" என்று கேட்டேன்.

"ஒண்டும் சொல்லேல்லை. அவரும் ஒரு பக்கம் பிடிச்சவர். ரெண்டு பேருமாத் தூக்கிப் போட்டனாங்கள்."

அதற்கு ஒரு மாதம் கழித்து டொக்டரின் கடிதம் வந்தது. காரை எடுத்தபோதே கொழும்பிலிருந்த அவருடைய உறவினர் மூலம் எழுதிக் கேட்டிருந்தோம். இங்கிலாந்திலிருந்து நீல நிறக் காகிதத்தில் அழகான எழுத்து. தன்னுடைய கார் தாய்மாருக்கு உதவுவதில் தனக்குப் பெரிய சந்தோசம் என்று எழுதியிருந்தார். பிறகு ஒரு பக்கம் முழுக்கக் கியரைப் பற்றி. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது அவசரப்படக்கூடாது, கிளச்சை ஒருதரம் மிதித்துவிட்டு, நடுவில் நிறுத்தி, மறுபடி மிதித்துத்தான் போடவேண்டும், பலங்காட்டினால் பிடிவாதம் பிடிக்கும், செல்லமாக நடத்துங்கள் என்று. அண்ணை பாதிவரை வாசித்துவிட்டுக் கடிதத்தை என்னிடம் தந்தார். மிச்சத்தை அவர் கடைசிவரை வாசிக்கவில்லை.

காரை ஓடுவதை நாங்கள் நிறுத்தவில்லை. எப்படி நிறுத்துவது? பெண்களுக்கு நோ வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அண்ணை காரில் கதைப்பதை விட்டுவிட்டார். முன்பு நோவில் கத்துகிற பெண்ணுக்கு, "இன்னும் கொஞ்சத் தூரம் தான் பிள்ளை, மருதடியைத் தாண்டியிட்டம்" என்று சொல்லிக்கொண்டு வருவார். பிறகு அதுவும் இல்லை. நான் அந்த ஒழுங்கையைத் தவிர்த்தேன். சின்னவனுக்கு ஊசி போடவேண்டிய முறை வந்தபோது, என்னோடு வேலைசெய்த மற்ற மிஸியை அனுப்பினேன். பிள்ளை மரக்கால் பொருத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள் என்று அவதான் வந்து சொன்னா. நான் போய்ப் பார்க்கவில்லை. இரண்டு வருடம் போய்ப் பார்க்கவில்லை.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், ஆமி முன்னேறி வர, எங்கள் வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டது. எல்லோரும் தென்மராட்சிக்குப் போகச்சொல்லி ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். காரில் பிள்ளை பெற்று நாலு நாளான ஒருத்தியையும், நிறைமாதக்காரி ஒருத்தியையும், நடக்கமுடியாத இரண்டு கிழவரையும் ஏற்றினோம். மழை. நாவற்குழிப் பாலத்துக்கு வரமுதலே வீதி சனத்தால் அடைத்துவிட்டது. விடியும்போது நாங்கள் பாலத்துக்கு இன்னும் கால் மைல் இருந்தோம். ஓர் அடி நகர்வதும் நிற்பதுமாக எஞ்சின் கொதித்து, கடைசியில் நின்றது.

அண்ணை இறங்கி ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னுக்குப் பார்த்தார். தள்ளுவதற்கு ஆயிரம் பேர் நின்றார்கள். கார் உருளுவதற்கு நாலு முழ இடம் இருக்கவில்லை.

"இறக்கு" என்றார்.

கிழவர் இருவரையும் அவர்களுடைய ஆட்கள் சுமந்தார்கள். நாலுநாள் பிள்ளையை நான் சேலைக்குள் கட்டிக்கொண்டேன். காரை வீதியோரம், உப்புத்தண்ணீர் விளிம்புக்கு, ஆட்கள் சேர்ந்து ஒதுக்கிவிட்டார்கள். அண்ணை கார்த் திறப்பைச் செருகியபடியே உள்ளே விட்டார். எவனுக்காவது உதவட்டும் என்று சொன்னார். பாலத்தைத் தாண்டும்வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். சனத்தின் தலைகளுக்கு மேலால் அந்தப் பச்சைக் கூரையின் ஒரு துண்டுதான் தெரிந்தது. பிறகு குடைகள் மறைத்துவிட்டன.

சாவகச்சேரிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினோம். ஒரு வகுப்பறைக்கு எட்டுக் குடும்பம். மூன்றாம் நாள் பின்னேரம் நிறைமாதக்காரிக்கு நோ வந்தது. இரண்டு வாங்குகளைச் சேர்த்துப் போட்டு, சேலைகளால் மறைத்து, அவளைப் படுக்கவைத்தேன். "சுடுதண்ணி வேணும், ஆராவது பாருங்கோ" என்று மறைப்புக்கு வெளியே சத்தம் போட்டேன்.

சேலையை விலக்கிக்கொண்டு பானையோடு உள்ளே வந்தது கால் போன அந்தப் பிள்ளையின் தாய். அவர்களும் அதே பள்ளிக்கூடத்தில், வேறு வகுப்பறையில் இருந்திருக்கிறார்கள். என்னைக் கண்டா. பிறகு பானையை வைத்துவிட்டு, கேளாமலே பெண்ணின் தலைமாட்டுக்குப் போய் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டா. ஒன்றரை மணித்தியாலம் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்தப் பெண்ணின் சத்தம் மட்டும்தான்.

பிள்ளை பிறந்து, நச்சுக்கொடியும் முழுதாக விழுந்தபிறகு, துணியைப் பிழிந்துகொண்டே அவ கேட்டா.

"கார்?"

"பாலத்தடியிலை விட்டிட்டம்."

அவ தலையை ஆட்டினா. நல்லது என்றோ ஐயோ என்றோ அதில் ஒன்றும் இருக்கவில்லை. எனக்குச் சொல்ல ஒரு வசனம் இரண்டு வருடமாக நெஞ்சில் இருந்தது. வாயைத் திறந்தேன். "இன்னும் ஒரு பானை தண்ணி வேணும்" என்றுதான் வந்தது. அவ பானையை எடுத்துக்கொண்டு போனா.

நான் கை கழுவ வெளியே வந்தேன். விறாந்தைத் தூணோடு சாய்ந்து, ஊன்றுகோலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளை இருந்தாள். பதினாலு வயது. நீண்ட நடையில் மரக்கால் உரஞ்சிப் புண்ணாகியதால் அதைக் கழற்றி வைத்திருந்தாள். என்னை அடையாளம் கண்டு எழும்பப் பார்த்தாள். இரு இரு என்று நான் கையைக் காட்டினேன்.

"மிஸி, என்ன பிள்ளை?"

"பொம்பிளைப் பிள்ளை."

"சுகமோ?"

"ஓம். ரெண்டு பேரும் சுகம்."

அவளுடைய காலைப் பார்க்கவேண்டும், புண்ணுக்கு மருந்து கட்டவேண்டும் என்று குனிந்தேன். அவள் பாவாடையை மெல்ல இழுத்து மூடிக்கொண்டாள். "வேண்டாம் மிஸி, அம்மா கட்டுவா" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

அடுத்த கிழமை அவர்கள் வன்னிக்குப் போய்விட்டார்கள். போகும்போது தகப்பன் மட்டும் வந்து அண்ணையிடம் சொல்லிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அண்ணை வேறு எந்தக் காரின் ஸ்ரியரிங்கையும் தொடவில்லை.